ஆசிரியருக்கு யார் மார்க் போடுவது?

கேள்வி:

"பதினொரு வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. வரும் கல்வியாண்டில் எங்கள் பள்ளியில் ஆசிரியர்களை மதிப்பிட ஒரு புதுத் திட்டம் வருகிறது. நூற்றுக்கு அறுபது மதிப்பெண், நாங்கள் நடத்தும் வகுப்பின் தேர்வு முடிவுக்கு. முப்பது, தலைமையாசிரியர் ஒரு முறை வகுப்புக்கு வந்து பார்த்துப் போடுவது. மீதிப் பத்து, வருகைக்கும் பதிவேடுகளுக்கும். மேலே வருகிறவர்களுக்கு ஊக்கத்தொகை, கீழே இருப்பவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம். முடிவு செய்வதற்கு முன் பெற்றோர், நிர்வாகம், ஆசிரியர்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து விவாதிக்க ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். எங்கள் தரப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் 'எந்த மதிப்பீடும் வேண்டாம் என்று அடித்துச் சொல்லுங்கள்' என்கிறார்கள். என்னால் முடியவில்லை. பக்கத்து வகுப்பில் ஒருவர் வருடம் முழுக்க விடைகளைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் என்னிடம்தான் வருகிறார்கள். எதிர்த்துப் பேசினால் அவரைக் காப்பாற்றுவதாக ஆகும், ஆதரித்தால் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். என்ன பேசட்டும்? வெட்கத்தோடு இன்னொன்றும் கேட்கிறேன். என் வகுப்பு முடிவுகள் நன்றாகவே வரும், ஊக்கத்தொகை எனக்குக் கிடைக்கலாம். எதிர்த்துப் பேசிவிட்டு அதை வாங்கலாமா?"

– கணித ஆசிரியை, பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

"அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் என்னிடம்தான் வருகிறார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பேச வேண்டிய பேச்சு அதுதான். எழுந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். எங்களில் சிலர் ஒழுங்காகப் பாடம் நடத்துவதில்லை, அந்தச் சுமை அடுத்த வகுப்பு ஆசிரியர் தலையில் விழுகிறது, அதனால் மதிப்பீடு வேண்டும் என்று கேட்பதே நாங்கள்தான் என்று. ஓர் ஆசிரியர் வாயிலிருந்து இது வந்தால் கூட்டம் காது கொடுக்கும். நீங்கள் விட்டுவிட்டால் ஒரு பெற்றோர் எழுந்து சொல்வார். அதன் பிறகு நீங்கள் எது பேசினாலும் சப்பைக்கட்டாகத்தான் தெரியும்.

ஸ்டாஃப் ரூம் சொல்கிறபடி "எதுவும் வேண்டாம்" என்று நின்றால், இப்போதும் ஒரு மதிப்பீடு இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். வருடக் கடைசியில் எல்லோருக்கும் "திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்களே, அதைச் சொல்கிறேன். 2009-ல் அமெரிக்காவில் 12 பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. தகுதி உண்டு, இல்லை என்று இரண்டே படி வைத்திருந்த இடங்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் 'உண்டு' பட்டியலில் இருந்தார்கள். படிக்கிற பெற்றோருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபம் ஒரு பக்கம், கல்விச் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்கள் போட்டியிட்டுப் பெற அதே ஆண்டு அமெரிக்க மத்திய அரசு அறிவித்த 435 கோடி டாலர் நிதி இன்னொரு பக்கம். பல மாநிலங்கள் தேர்வு முடிவை மதிப்பீட்டுக்குள் இழுத்து வந்தன. கூத்து என்னவென்றால், இத்தனையும் நடந்த பிறகு, 24 மாநிலங்களின் கணக்கைப் பார்த்து 2017-ல் வெளிவந்த ஆய்விலும் பெரும்பாலான இடங்களில் கடைசிப் படியில் இருந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான்.

ஏன் அப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். தலைமையாசிரியராக இருந்தபோது ஒருவருக்கு நான்கு வருடம் "திருப்திகரம்" எழுதினேன். வராந்தாவில் நடந்தாலே அந்த வகுப்பின் லட்சணம் காதில் விழும். ஆனால் சரியில்லை என்று எழுதினால் ஏன் என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டுமென்றால் அவர் வகுப்பில் நான் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை. போதாக்குறைக்கு மறுநாள் காலை அவர் முகத்தில் விழிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த காகிதத்தைப் பார்த்தேன். மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை அளக்கலாம் என்ற யோசனை நிர்வாகங்களுக்கு இனிப்பதற்குக் காரணமும் இதுதான். யாரும் யார் வகுப்பிலும் போய் உட்கார வேண்டியதில்லை, சங்கடமான வார்த்தையைக் கணினி சொல்லிவிடும்.

சரி, அந்த அறுபதுக்கு வருவோம். நீங்கள் கணக்கு டீச்சர், பலகையிலேயே போட்டுக் காட்டுங்கள். வகுப்பில் 30 பிள்ளைகள். போன வருடச் சராசரி 62, இந்த வருடம் 58. நான்கு மார்க் சரிவு. 30 பேருக்கும் சேர்த்து 120 மார்க். வழக்கமாக 60 வாங்கக்கூடிய மூன்று பிள்ளைகள் இந்த முறை 20 வாங்கினார்கள் என்று வையுங்கள். நாற்பது மும்முறை நூற்றிருபது, மொத்தச் சரிவும் அங்கேயே முடிந்துவிட்டது. ஒன்றுக்கு நீண்ட காய்ச்சல், ஒன்றின் வீட்டில் தினம் சண்டை, ஒன்று பாதி வருடத்தில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தது. மற்ற 27 பேருக்கு நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் எச்சரிக்கைக் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

அப்போது ஒருவர் எழுந்து, "சராசரி வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையும் போன வருடத்தைவிட எவ்வளவு முன்னேறியது என்று பார்ப்போம்" என்பார். புத்திசாலித்தனமான யோசனை, மரியாதையோடு பதில் சொல்லுங்கள். ஆனால் உங்கள் பள்ளியில் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். விடையைப் பலகையில் எழுதிப் போடுகிறாரே, அவரிடம் ஒரு பிள்ளை 85 வாங்குகிறது. உங்களிடம் வந்து, உண்மையிலேயே கற்றுக்கொண்டு, நேர்மையாக 65 வாங்குகிறது. கணக்குப்படி அவர் முன்னேற்றம் காட்டிய ஆசிரியர், நீங்கள் இருபது மார்க்கைத் தொலைத்த ஆசிரியை. யாரைப் பிடிக்க வலை விரித்தார்களோ அவர் வெளியே நிற்பார், நீங்கள் உள்ளே மாட்டுவீர்கள். இந்த ஒரு உதாரணத்தை மட்டும் பெயர் சொல்லாமல் சொல்லிப் பாருங்கள், கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

கற்பனைக் கதை என்று யாராவது சொன்னால் நியூயார்க் மாநிலத்து வழக்கு இருக்கிறது. நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவருக்கு 2012-13 கல்வியாண்டில் மாணவர் முன்னேற்றத்துக்கு 20-க்கு 14 கிடைத்தது. அடுத்த வருடம் 20-க்கு 1. அவருடைய பிள்ளைகளின் தேர்ச்சியோ இரண்டு வருடமும் ஏறத்தாழ ஒரே மாதிரி. வழக்குப் போட்டார். 2016-ல் நீதிபதி அந்த மதிப்பெண்ணைத் தன்னிச்சையானது என்று சொல்லி ரத்து செய்தார். ஹூஸ்டன் ஆசிரியர்களின் வழக்கு இன்னும் வேடிக்கை. மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்டால், சூத்திரம் தனியார் நிறுவனத்தின் வணிக ரகசியம், காட்ட முடியாது என்றார்கள். தன் மதிப்பெண் சரிதானா என்று சரிபார்க்கவே முடியாத ஆசிரியரை அதை வைத்து வேலையை விட்டு அனுப்புவது நியாயமா என்ற கேள்வியை 2017-ல் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

இன்னொரு எண்ணும் உங்கள் காதில் விழும், அதில் கவனமாக இருங்கள். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம் என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாகச் சொன்னது. ஸ்டாஃப் ரூமில் இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, நாம் என்ன செய்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை" என்பார்கள். அதை மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள். நாம் தேவையில்லை என்று நாமே வாதாடுவது போல ஆகிவிடும். உண்மையும் அதுவல்ல. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அவர்கள் பெரியவர்களாகிச் சம்பாதிக்கும் வயது வரை தொடர்ந்த ஆய்வு ஒன்று 2014-ல் வெளிவந்தது. மதிப்பெண்ணை உயர்த்திய ஆசிரியரிடம் படித்தவர்கள் கல்லூரிக்குப் போனதும் அதிகம், பிற்காலச் சம்பளமும் அதிகம் என்று அது காட்டியது. ஆக, ஆசிரியருக்கு ஆசிரியர் வித்தியாசம் உண்டு, லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் எண்களில் அது தெரியவும் செய்கிறது. ஒரு ஆசிரியர், ஒரு வகுப்பு, ஒரு வருடம் என்று குறுக்கிவிட்டால் அந்த எண் தத்தளிக்கிறது. ஊர் முழுக்கச் சராசரி மழை எவ்வளவு என்று சரியாகச் சொல்கிறவரால், நாளை மாலை நான் குடை எடுத்துப் போக வேண்டுமா என்று சொல்ல முடியாதல்லவா?

ஊக்கத்தொகை பற்றி நிறையப் பேச வேண்டாம். உங்கள் பாடத்திலேயே சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஐந்து முதல் எட்டு வரை கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு, மாணவர் மதிப்பெண் உயர்ந்தால் 15,000 டாலர் வரை தருவதாக மூன்று ஆண்டுகள் சொல்லிப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. பணம் அறிவிக்கப்பட்டவர்களின் வகுப்புக்கும் அறிவிக்கப்படாதவர்களின் வகுப்புக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. பணம் இல்லாததால்தான் நாம் ஒளித்துவைத்து நடத்துகிறோம் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து.

எச்சரிக்கைக் கடிதம் என்ன செய்யும் என்பதும் தெரிந்த கதை. 1862-ல் இங்கிலாந்தில் அரசின் கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை தவறினால் பள்ளி மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை நெட்டுரு போட்டார்கள், மற்ற பாடங்கள் மெலிந்தன. ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ அர்னால்டே அதை எதிர்த்து எழுதினார். அந்த முறை 1890-கள் வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் ஓய்ந்தது. நூற்றைம்பது வருடம் கழித்து அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிள்ளைகள் நெட்டுருப் போடக்கூடத் தேவைப்படவில்லை, ஆசிரியர்களே விடைத்தாளை அழித்துத் திருத்தினார்கள். 2011-ல் வந்த விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகளில் 178 பேரின் பெயர் இருந்தது. 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அத்தனை பேரும் கெட்டவர்களாகப் பிறந்து அந்த ஒரே நகரத்தில் வந்து கூடினார்கள் என்று நான் நம்பவில்லை.

அப்புறம் அந்த முப்பது மதிப்பெண், தலைமையாசிரியரின் ஒரே ஒரு வருகை. கொள்கை சரி, அளவு பத்தாது. பின்னாளில் பயிற்சியாளராக வேறு பள்ளிகளுக்கு வகுப்பு பார்க்கப் போனபோது ஒரு ஆறாம் வகுப்பில் அசந்துபோனேன். கேள்வி கேட்ட மாத்திரத்தில் இருபது கைகள், மணிமணியாகப் பதில். படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பொடியன் மெதுவாகச் சொன்னான்: "சார், இந்தப் பாடம் போன வாரமே நடத்திட்டாங்க. நேத்து ஒரு தடவை ஒத்திகையும் பார்த்தோம்." அன்றிலிருந்து நான் பலகையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு நோட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்து நோட்டு பொய் சொல்லாது. ½ + ⅓ = ⅖ என்று எழுதியதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் இருந்தால் ஆசிரியர் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்று தெரிந்துவிடும். அதே தப்பு முப்பது நோட்டிலும் இருந்தால், எங்கே பாடம் சறுக்கியது என்றும் தெரிந்துவிடும்.

ஏறக்குறைய 3,000 ஆசிரியர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வும் 2013-ல் இதையொட்டித்தான் சொன்னது. ஒருவர் ஒரு முறை பார்த்துப் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது, அதே ஆள் இன்னொரு முறை பார்ப்பதைவிட வேறொருவர் வந்து பார்த்தால் நம்பகம் கூடுகிறது என்று. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, வருடத்தில் மூன்று நான்கு வருகை, அதில் பாதியாவது அதே பாடம் தெரிந்த இன்னொரு ஆசிரியர் வருவது, வந்த வாரமே உட்கார்ந்து பேசுவது. சின்சினாட்டியில் இப்படித்தான் செய்தார்கள். பயிற்சி பெற்ற சக ஆசிரியர் மூன்று முறை, தலைமையாசிரியர் ஒரு முறை. 2012-ல் வெளிவந்த ஆய்வு, வருடக்கணக்காகப் பாடம் நடத்தி வந்த ஆசிரியர்களின் வகுப்பில்கூட அந்த மதிப்பீட்டுக்குப் பிந்தைய வருடங்களில் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்ததாகக் காட்டியது. எனக்கு இதில் பிடித்தது அந்த 'பிந்தைய' என்ற சொல். மதிப்பீடு முடிந்த பிறகும் ஆசிரியரிடம் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"சக ஆசிரியர் என்றால் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்வார்கள்" என்று நிர்வாகத் தரப்பில் கட்டாயம் சொல்வார்கள். டோலிடோ நகரத்தில் ஆசிரியர் சங்கமே முன்னின்று 1981-ல் இந்த முறையைத் தொடங்கியது. மூத்த ஆசிரியர்கள் புதியவர்களின் வகுப்பைப் பார்த்துக் கைகொடுப்பார்கள். தேறாதவரைப் பணியில் தொடர வைக்க வேண்டாம் என்று சங்கமும் நிர்வாகமும் சேர்ந்த குழுவுக்குப் பரிந்துரையும் செய்வார்கள். சும்மா பேச்சுக்கு இல்லை, ஆட்களை அனுப்பியும் இருக்கிறார்கள். ஒன்று மட்டும், அதிகமாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வகுப்புப் பார்வை, மதிப்பெண், ஊக்கத்தொகை எல்லாவற்றையும் ஒன்றாக்கி 57.5 கோடி டாலர் செலவழித்த ஒரு பெரிய முயற்சியில் பிள்ளைகளின் கற்றல் பெரிதாக உயரவில்லை என்று 2018-ல் முடிவு வந்தது. மதிப்பீடு வந்தால் பள்ளியே மாறிவிடும் என்று யார் சொன்னாலும், நீங்களே சொன்னாலும், நம்ப வேண்டாம்.

அப்படியானால் தேர்வு முடிவைத் தூக்கி எறிவதா? வேண்டாம். ஒரு வகுப்பின் மதிப்பெண் இரண்டு வருடம் தொடர்ந்து சரிந்தால் அந்த வகுப்பை முதலில் போய்ப் பாருங்கள் என்பதற்கு அது போதும். கடிதம் அனுப்பத்தான் போதாது.

இங்கே அந்த "திருப்திகரம்" ஆசிரியரின் மீதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வருடம் ஒருநாள், வேறு வழியில்லாமல், அவர் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முக்காலை அரையால் வகுக்கும் கணக்கு. விடை ஒன்றரை என்று பலகையில் எழுதினார். ஒரு சிறுமி எழுந்து, "சார், வகுத்தா குறையணும்ல? முக்காலை விட ஒன்றரை பெரிசாச்சே?" என்றாள். அருமையான கேள்வி. அவர் "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மணி அடித்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கே தெரியாது சார்" என்றார். படித்தது வரலாறு. ஆள் பற்றாக்குறையில் கணக்கைக் கொடுத்திருக்கிறோம், கொடுத்ததையே மறந்தும்விட்டோம். சோம்பேறி என்று நான்கு வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆள், பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் கணக்கு டீச்சர் ஒருவர் ஒரு பருவம் வாரம் இரண்டு முறை அவரோடு உட்கார்ந்தார். முக்கால் லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் குவளை, எத்தனை குவளை நிரம்பும்? ஒன்று முழுசாக, இன்னொன்று பாதி. ஒன்றரை. அதைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்காக அவர் பெரிய கணக்கு வாத்தியார் ஆகிவிடவில்லை. அடுத்த வருடம் வரலாற்றுக்கே மாற்றினோம், அங்கே நன்றாக நடத்தினார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்திருந்தால் முதல் வருடமே அவர் கீழே இருப்பது தெரிந்திருக்கும், கடிதமும் போயிருக்கும். ஏன் கீழே இருக்கிறார் என்பது அந்த மூன்றாம் பெஞ்சில் உட்காராமல் தெரிந்திருக்காது.

உங்கள் பக்கத்து வகுப்புக்காரர் அப்படிப்பட்டவரா, நிஜமாகவே உழைக்க மனமில்லாதவரா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கூட்டத்தில் அவரைப் பற்றி மூச்சு விடாதீர்கள். ஜூனியர் வகுப்பிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வருடத் தொடக்கத்தில் பத்துக் கேள்வியில் ஒரு தாள் கொடுங்கள். அதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துப் போகாமல் முதலில் அவரிடம் எடுத்துப் போங்கள். "பின்னத்தில் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள், நீங்கள் எப்படி ஆரம்பித்தீர்கள்?" என்று கேளுங்கள். முதலில் உங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிடுங்கள், பிறகு நீங்கள் போகலாம். வர மறுத்து, பேச மறுத்து, அடுத்த வருடமும் அதே தாள் அதே மாதிரி வந்தால், அப்போது தலைமையாசிரியரிடம் போவது காட்டிக்கொடுப்பது ஆகாது. நான்கு வருடம் நான் செய்யாத வேலையை நீங்கள் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஊக்கத்தொகையை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்குங்கள். மறுத்தால் பட்டியல் ஒன்றும் மாறப்போவதில்லை, பணம் அடுத்தவருக்குப் போகும். ஆனால் அதைக் கூட்டத்திலேயே உடைத்துச் சொல்லிவிடுங்கள்: "இந்தத் திட்டம் வந்தால் எனக்கு லாபம்தான். வந்தால் வாங்கவும் செய்வேன். இருந்தாலும் வேண்டாம் என்கிறேன்." வெட்கப்பட்டு ஒளித்துவைத்திருக்கிறீர்களே, அதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய பலம். இழக்க எதுவும் இல்லாதவர் எதிர்ப்பதைவிட, கிடைக்கப்போகிறவர் எதிர்க்கும்போது எதிர்த் தரப்பு கொஞ்சம் திணறும்.

பையில் ஒரு சாக்பீஸ் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கூட்டம் நடக்கும் அறையில் பலகை இருக்கும், சாக்பீஸ் இருக்காது.